50 மி.மீ. லென்ஸ் கிராப் சென்சாரில் 75 ஆகிவிடுமா?

கேள்வி: ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய, அதாவது கிராப், சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் ஒன்றரையால் பெருக்கி 75 என்கிறார்கள். குவியத்தூரமே (லென்ஸில் போட்டிருக்கும் மி.மீ. எண்) மாறுகிறதா? ஏபிஎஸ்-சிக்கென்றே செய்த லென்ஸுக்கும் இந்தப் பெருக்கல் உண்டா?

பதில் 1: குவியத்தூரம் மாறாது, அது லென்ஸின் குணம். லென்ஸ் வீழ்த்தும் வட்டப் பிம்பத்தில் சென்சார் எவ்வளவு பிடிக்கிறது என்பதே வேறுபடும். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாரின் அகலம் 36 மி.மீ.; 50 மி.மீ. லென்ஸில் கிடைமட்டக் கோணம் சுமார் 40 டிகிரி. 23.5 மி.மீ. அகல ஏபிஎஸ்-சி சென்சாரில் சுமார் 26 டிகிரிதான். பழைய 50-இன் பார்வை வேண்டுமானால் 35 (ஒன்றரை மடங்கில் 52.5) வாங்குங்கள். கேனான் ஏபிஎஸ்-சிக்கு 1.6 மடங்கு.

பதில் 2: பெருக்கல் எல்லா லென்ஸுக்கும் உண்டு. ஏபிஎஸ்-சி லென்ஸிலும் உண்மைக் குவியத்தூரமே அச்சாகியிருக்கும். அதை ஃபுல் ஃபிரேமில் மாட்டினால் மூலைகள் கறுக்கும். கேமராவே கிராப் செய்தால் (நடுப்பகுதியை மட்டும் எடுத்தால்) 24 மெகாபிக்சல் சுமார் 10.7 ஆகிவிடும்.

பதில் 3: லென்ஸின் துளையையும் (ஒளி நுழையும் திறப்பு; அதன் அளவைச் சொல்வது எஃப் எண்) கவனியுங்கள், பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். எக்ஸ்போஷருக்கு (படத்தின் வெளிச்ச அளவுக்கு) எஃப் 1.8 எந்தச் சென்சாரிலும் 1.8தான். ஆனால் அதே இடத்தில் நின்று ஏபிஎஸ்-சியில் 35-ஐ எஃப் 1.8-இல் வைத்து அதே சட்டகத்தை எடுத்தால், பின்னணி மங்கல் ஃபுல் ஃபிரேம் 50-இன் எஃப் 2.7 அளவுக்கே வரும்.