இரண்டு ஃப்ரீ த்ரோவுக்கு நடுவில் ஆள் மாற்றலாமா?

பாளை பி.இ.டி.
வணக்கம். குறுவட்டக் கூடைப்பந்து, ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி ஆட்டம். நீல அணிக்கு 2 ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறிவது). முதல் பந்து விழுந்ததும் எதிரணிப் பையன் ஸ்கோரர் டேபிளுக்கு வந்து சப் (ஆள் மாற்றம்) கேட்டான். ஸ்கோரர் ஹாரன் அடித்தார், நடுவரும் உள்ளே கூப்பிட்டுவிட்டார். நீல அணிக் கோச் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு நடுவர், அமெரிக்கப் பள்ளி ஆட்ட வீடியோவில் இப்படித்தான் மாற்றுகிறார்கள் என்கிறார். எது சரி? டெக்னிக்கல் (நடத்தை, ஒழுங்கு மீறலுக்கான ஃபவுல்) கொடுக்கணுமா?

கோட்டோரம்
கோச் சொன்னதுதான் சரி, சார். ஃபிபாவில் முதல் ஃப்ரீ த்ரோவுக்குப் பந்தை ஆட்டக்காரர் கையில் கொடுத்த நொடியே சப் வாய்ப்பு முடிந்துவிடும். திரும்ப எப்போது திறக்கும்? கடைசி ஃப்ரீ த்ரோ கூடைக்குள் விழுந்தால். அது தவறினால் பந்து ஆட்டத்தில் இருக்கிறது. அடுத்த விசில் வரை பையன் நாற்காலியில்தான். ஃப்ரீ த்ரோவுக்குப் பிறகு த்ரோ-இன் (கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிவது) இருந்தால் விழாவிட்டாலும் மாற்றலாம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டத்துக்குத் தனி விதிப்புத்தகம். அங்கே கடைசி ஃப்ரீ த்ரோவுக்கு முன்னால் மாற்றலாம். வீடியோவில் பார்த்தது பொய்யில்லை, ஆனால் அது நம்ம கோர்ட்டுக்கு ஆகாது. அங்கே சொல்லாமல், கூப்பிடாமல் உள்ளே வந்தாலே டெக்னிக்கல். நீங்கள் சொன்ன சம்பவத்தில் கூப்பிட்டதே நடுவர், பிள்ளை மேல் என்ன தப்பு? இரண்டாவது பந்தைக் கொடுப்பதற்கு முன்னால் கவனித்தால் பழைய ஆளை உள்ளே வரச் சொல்லி ஆட்டத்தைத் தொடருங்கள்.

டேபிள் அண்ணாச்சி
பாதிச் சிக்கல் டேபிளில்தான் தொடங்குது. சப்பைக் கேட்க வேண்டியவர் உள்ளே போகிற ஆட்டக்காரர். கோச் கத்தினால் டேபிளில் ஹாரன் அடிக்கக் கூடாது. பையன் டேபிளுக்கு வந்து முன்னங்கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டணும், இல்லை சப் நாற்காலியில் உட்காரணும். மேல்சட்டை கழற்றி, ஷூ லேஸ் கட்டி, உடனே ஆடத் தயாராக இருக்கணும். ஹாரன் அடித்தபிறகு லேஸ் கட்டினால் ஆட்டம் தாமதமாகும்.

ஹாரன் அடிப்பவர் மூன்றையும் பார்க்கணும்: பந்து டெட் (ஆட்டத்தில் இல்லை), கடிகாரம் நின்றிருக்கு, ஃபவுல் என்றால் நடுவர் டேபிளுக்கு எண் காட்டி முடித்தாச்சு. நடுவர் விரல் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஹாரன் அடிப்பதுதான் நம்ம பக்கம் அடிக்கடி நடக்கிற பிழை. ஹாரன் கேட்டதும் பயலுவ ஓடிருவானுவ. நடுவர் கையசைத்துக் கூப்பிடும் வரை கோட்டுக்கு வெளியே நிற்கணும். வெளியே வருகிறவர் டேபிளில் சொல்லத் தேவையில்லை, நேரே பெஞ்சுக்குப் போகலாம். மனசு மாறினால் ஹாரனுக்கு முன்னாடி மட்டுமே கோரிக்கையைத் திரும்பப் பெறலாம்.

இப்படி அவசரமாக மாற்றும்போது கோர்ட்டில் ஆறு பேர் நின்றுவிடும் ஆபத்து உண்டு. அப்படி ஆடினால் கோச் மேல் டெக்னிக்கல், எதிரணிக்கு 1 ஃப்ரீ த்ரோ. கூப்பிடுவதற்கு முன் தலையை எண்ணுங்கள்.

பாளை பி.இ.டி.
நன்றி அண்ணாச்சி. கடைசி 2 நிமிஷம், ரத்தக்காயம் இரண்டுக்கும் என்ன?

கோட்டோரம்
நாலாவது குவார்ட்டரிலும் ஓவர்டைமிலும் கடிகாரம் 2:00 அல்லது அதற்குக் கீழே காட்டும்போது கூடை விழுந்தால் கடிகாரம் நிற்கும். கூடை வாங்கிய அணிதான் சப் கேட்கலாம். போட்ட அணி தானாகக் கேட்க முடியாது. அதற்கு முந்திய நேரத்தில் கூடை விழுந்தாலும் கடிகாரம் ஓடும், சப் கிடையாது.

ரத்தம் வந்தால் ஆளை மாற்றியே தீரணும். ரத்தம் நின்று காயம் முழுசாக மூடிய பிறகே உள்ளே வரலாம். காயத்துக்குச் சிகிச்சை கொடுக்க பெஞ்சிலிருந்து ஒருவர் உள்ளே வந்தாலும் மாற்றணும். அதனால் முதலில் பிள்ளை எழுந்திருக்கிறானா என்று சுமார் 15 விநாடி பாருங்கள்.

இன்னொன்று: வெளியே போனவர் கடிகாரம் ஒருமுறை ஓடி, பந்து திரும்ப டெட் ஆன பிறகுதான் உள்ளே வரலாம். அதே நிறுத்தத்தில் "வேண்டாம், திரும்ப வா" என்று கோச் இழுப்பது செல்லாது. ஸ்கோரர் வெளியேறியவர் எண்ணை ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்தால் இந்தத் தகராறே வராது.