சர்வைவல்: உய்திறனா, தாக்குப்பிடித்தலா?

குழுவினருக்கு வணக்கம். உணவியல் பாடநூலில் புரோபயாடிக் (உடல்நலத்துக்காக உயிரோடு உட்கொள்ளும் நுண்ணுயிரிகள்) இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். விழுங்கிய பாக்டீரியாக்களில் எத்தனை இரைப்பை அமிலத்தையும் பித்த உப்பையும் கடந்து உயிரோடு பெருங்குடல் சேர்கின்றன? இதைச் சொல்லும் 'சர்வைவல்' என்ற சொல்லில் நிற்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் 2001இல் தந்த வரையறையே 'உயிருள்ள நுண்ணுயிரிகள்' என்றுதான் சொல்கிறது. ஆகவே இது முக்கியமான சொல். 'பிழைப்புத்திறன்' என்றால் வயிற்றுப்பிழைப்பு போல ஒலிக்கிறது.
– கோவையிலிருந்து

> பிழைப்புத்திறன் என்றால்

அம்மா, 'உய்திறன்' என்று வையுங்கள். "உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு" என்று பள்ளியிலேயே படித்த சொல். பிழைத்தல் என்றால் முதலில் தவறுதல். அம்பு குறி பிழைத்தால் மான் பிழைக்கும். இரு பொருளும் அங்கேதான் சந்திக்கின்றன என்பது என் எண்ணம். உய்த்தலுக்கோ செலுத்துதல், கொண்டுசேர்த்தல் என்ற பொருளும் உண்டு. வாயிலிருந்து பெருங்குடல்வரை போகும் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான வேர் ஏது? அப்படியே புரோபயாடிக்கையும் 'நன்னுயிரி' ஆக்கிவிடலாம்.
– மதுரையிலிருந்து

ஐயா, சொல் அழகுதான். ஆனால் என் முதலாண்டு மாணவர்கள் அதை 'உய்த்துணர்தல்' என்று எடுத்துக்கொள்வார்கள். 'தாக்குப்பிடித்தல்' எல்லோருக்கும் புரியும். 'தாங்குதிறன்' மட்டும் வேண்டாம். அது சோதனைக்குழாயில், பி.எச். 2 அமிலத்தில் வைத்து அளப்பது (பி.எச். எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). உடலுக்குள் நிலைமை வேறு: வெறும் வயிற்றில் பி.எச். 1.5 முதல் 3.5 வரை இருக்கும், சாப்பிட்டதும் ஏறும். அதனால் பாலோடு போகும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவுக்குக் கொஞ்சம் தப்பிக்க வழி கிடைக்கிறது. வித்து (ஸ்போர்) வடிவில் போகும் பேசில்லஸ் என்ற பாக்டீரியாவுக்கு அமிலம் பெரிய தடையே இல்லை.
– திருச்சியிலிருந்து

நீராகாரத்தில் இருப்பவையும் நன்னுயிரியா என்று என் அம்மா கேட்கிறார். புளித்ததெல்லாம் புரோபயாடிக் ஆகாது. எந்த வகை, எவ்வளவு, என்ன பயன் என்று காட்ட வேண்டும் என்றேன். சரி, சொல்லுக்கு வருகிறேன். உயிரோடு போய்ச் சேர்வது வேறு, குடியேறுவது வேறு. உட்கொள்வதை நிறுத்தினால் பெரும்பாலானவை சில நாட்களிலோ வாரங்களிலோ மலத்தில் காணாமல் போகின்றன. தாக்குப்பிடித்தல் என்றால் அங்கேயே நிலைத்துவிட்டதாகத் தோன்றாதா? ஆனாலும் வகுப்பறைக்கு அதுவே என் வாக்கு.
– சேலத்திலிருந்து

நன்றி. நேரமில்லை, 'தாக்குப்பிடித்தல்' என்றே போடுகிறேன். 'குடியேற்றம்' வேறு என்று அதே பத்தியில் எழுதிவிடுகிறேன். புரோபயாடிக் அப்படியே இருக்கட்டும்.
– கோவையிலிருந்து

போடுங்கள் அம்மா. ஆனால் அட்டவணையில் 'சர்வைவல் ரேட்' வரும்போது 'தாக்குப்பிடிக்கும் விகிதம்' கட்டத்துக்குள் அடங்காது. 'உய்விகிதம்' அடங்கும். அங்காவது போட்டுப் பாருங்கள்.
– மதுரையிலிருந்து