நடைபாதையில் வசிக்கும் சிறுவனை மறுபடி பள்ளியில் சேர்ப்பது எப்படி?

கேள்வி: மாலைவகுப்பு, சென்னை

பாரிமுனைப் பக்கம் நடைபாதைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தருகிறேன். அவர்களில் ஒருவனுக்கு வயது 13. ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டான். அப்பா ஓட்டும் மீன்பாடி வண்டியில், அதாவது மூன்று சக்கரச் சரக்கு வண்டியில், மூட்டை ஏற்றி இறக்குகிறான். மழையில் பை நனைந்து, மாற்றுச் சான்றிதழ் கூழாகிவிட்டது. அது இல்லாமல் சேர்க்க முடியாது என்று ஒரு பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் சார், பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்கள்" என்று அவன் அம்மா அழுதார். பொட்டலம் கட்டிவந்த செய்தித்தாளைக்கூடப் படிக்காமல் விடமாட்டான் இந்தப் பையன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

தம்பி, படிக்கும்போதே கோபம் வருகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வயதுச் சான்று இல்லாவிட்டாலும் அப்படித்தான். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். 14 வயதைத் தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணம் கிடையாது. முதலில் பழைய பள்ளிக்குப் போங்கள். பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்துவைக்கும் எமிஸ் தளத்தில் அவன் பதிவு இருக்கும். அங்கே காரியம் நடக்கவில்லை என்றால் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பள்ளி செல்லாக் குழந்தை என்று எழுதிக்கொடுங்கள். வாய்ப்பேச்சோடு நிற்காதீர்கள், மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பதில்: பூக்கடைத் தெரு

அண்ணா, நான் அதே தெருக்களில் வளர்ந்தவள். அந்த அம்மாவின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவுக் காப்பகங்களில் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. குடும்பம் இரண்டாகும் என்பதால்தான் எங்கள் ஆட்கள் போவதில்லை. நகருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசு வீடு கொடுத்தாலும் மூட்டை வேலை இங்கேதானே இருக்கிறது?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பிள்ளையை ஹோமில் சேர்ப்பது கடைசி வழிதான். இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பிறகு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அவரையே அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளை பெற்றோரோடு இருந்தே படிக்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. தகுதி பார்த்துக் குழு ஒப்புதல் தர வேண்டும்.

இன்னொன்று. கட்டணக் குளியலறையில் வரிசை நகர்ந்து முடிவதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். தாமதமாக வந்ததற்கு வெளியே நிறுத்துவார்கள். அந்த அவமானத்தில் நின்றுபோனவர்கள் என்னோடு படித்தவர்களில் அதிகம். சேர்க்கும் நாளிலேயே தலைமையாசிரியரிடம் இதைப் பேசிவிடுங்கள். புத்தகம் வைக்கவும் ஓர் இடம் வேண்டும். என்னுடையவற்றைப் பூக்கடை அக்கா தன் மரப்பெட்டியில், வாழைநாருக்கு அடியில் வைத்துப் பூட்டுவார். மழை எத்தனை பெய்தாலும் என் நோட்டுகள் நனைந்ததில்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி தங்கையே, நன்றி அம்மா. குளியலறை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா எப்படிச் சம்மதிப்பார்? பையன் இல்லாவிட்டால் கூலிக்கு ஆள் வைக்க வேண்டும் என்கிறார்.

பதில்: பூக்கடைத் தெரு

அவரிடம் கணக்காகவே பேசுங்கள், அண்ணா. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்கோ ஐடிஐக்கோ போனால், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையனுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். இரவில் அலுத்துப் படுத்திருக்கும்போது போகாதீர்கள். காலையில் முதல் சரக்கு ஏற்றுவதற்கு முன், டீக்கடையில் பிடியுங்கள். அம்மாவும் கூட இருக்கட்டும்.