குதிகாலில் இருந்த தடிப்பு

கரூர்க்காரன்:
அப்பா 43 வயதில் போய்விட்டார். பெரியப்பாவும் ஐம்பதைத் தாண்டவில்லை. “அந்த வீட்டு ஆண்களுக்கு ஆயுசு கெட்டியில்லை” என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. நான் 54 கிலோ, முட்டைகூடத் தொட்டதில்லை. போன ஆண்டு அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 268, மிக அதிகம். முதலில் போன மருத்துவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “பிரியாணியை நிறுத்துங்கள்” என்றார். பிரியாணி! மூன்று மாதம் தாளிப்புகூட இல்லாமல் சாப்பிட்டேன். 251. என் தட்டைப் பார்த்து அம்மா கண்கலங்கியதுதான் மிச்சம்.

அடுத்துப் பார்த்த அம்மையார் செருப்பைக் கழற்றச் சொன்னார். குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அங்கே கயிறு போலத் தடித்திருக்கும். செருப்பு கடித்துக் காய்த்தது என்றே பல வருடம் நினைத்திருந்தேன். கொழுப்புப் படிவாம். பிறகுதான், “அப்பா எத்தனை வயதில் இறந்தார்?” என்று கேட்டார். இளவயதிலேயே மாரடைப்பைக் கொண்டுவரும் பரம்பரைக் கொலஸ்ட்ராலாம். எல்டிஎல்லைப் பிடித்துக் கல்லீரலுக்குள் இழுக்கும் ஏற்பிகள் எனக்குப் பாதிதான் வேலை செய்கின்றன. இழுக்கப்படாத எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றுகிறது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறதாம். ஸ்டாடின், எசெடிமைப் என்ற கொலஸ்ட்ரால் குறைக்கும் இரண்டு மாத்திரைகளையும் சேர்த்து எடுத்து, இப்போது 98. பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகள் தப்பினாள். ஒன்பது வயது மகனுக்கு 204.

நாமக்கல் அக்கா:
என் தங்கை அத்தை மகனைத்தான் கட்டினாள். அவர்கள் பையனுக்கு ஐந்து வயதில் முழங்கை, முட்டியெல்லாம் மஞ்சள் மஞ்சளாக முண்டு. மரு என்று அம்மான் பச்சரிசிப் பால் தடவிக்கொண்டிருந்தோம். தோல் மருத்துவர்தான் ரத்தம் பார்க்கச் சொன்னார்: மொத்தக் கொலஸ்ட்ரால் 640. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு மரபணுவுமே பழுது. எந்தப் பக்கத்து நோய் என்று வீட்டில் பெரிய சண்டை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே தாத்தாதானே! அவர் சந்தையில் உட்கார்ந்தபடியே சாய்ந்தவர். பையனுக்கு மருந்து ஓடுகிறது. வருடா வருடம் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கிறோம்.

பழைய தபால்காரர்:
எனக்கு எல்டிஎல் ஒழுங்காகவே இருந்தது, ஆனாலும் 46 வயதில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு லிப்போபுரோட்டீன் ஏ என்ற, எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளைப் பார்த்தால் டெசிலிட்டருக்கு 118 மில்லிகிராம். 50 தாண்டினாலே ஆபத்து கூடுதல். வழக்கமான லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனையில் அது வராது, தனியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் பிறவியிலேயே அமைவதால் ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறார்கள். நாற்பது வருடம் சைக்கிள் மிதித்தும் அது அசையவில்லை.

கரூர்க்காரன்:
அக்கா, மகனுக்கு மாத்திரை என்றதும் என் அம்மா, “பச்சைப் பிள்ளைக்கா?” என்று இரண்டு நாள் பேசவில்லை. கூடத்தில் மாட்டியிருக்கும் அப்பா படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினேன். கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம், அதுவும் கொழுப்புப் படிவுதான். ஸ்டுடியோக்காரர் படத்தைக் கெடுத்துவிட்டார் என்றே அம்மா இத்தனை வருடமும் திட்டிக்கொண்டிருந்தாராம்.