புதுப்பிப்பு: உடுவில் ஹாரியட் வின்ஸ்லோவின் குடும்பம்

1824-இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்கள் பள்ளியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி ஹாரியட் வின்ஸ்லோ யார் வீட்டுப் பெண், வாரிசுகள் யார் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

பிறந்தது 1796-இல், கனெக்டிகட்டின் நார்விச்சில். பெற்றோர் சார்லஸ், ஜோஆனா லாத்ரப். 1850-க்கு முந்தைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். மனைவி, மகள் எல்லாம் வெறும் எண்ணிக்கைதான். அந்தக் காலத்துப் பெண்ணைத் தேடுபவர்கள் ஊர்ப் பிறப்புப் பதிவையும் தேவாலயப் பதிவையும் முதலில் பாருங்கள்.

லாத்ரப் சகோதரிகளில் இன்னும் மூவர் மிஷனரி மனைவியராக யாழ்ப்பாணம் வந்திருக்கிறார்கள். ஒரே வீட்டிலிருந்து நான்கு பெண்கள்! அந்தத் தாயை நினைத்தால் மனசு கனக்கிறது. ஹாரியட் 1833-இல் உடுவிலிலேயே காலமானார்.

கணவர் மைரன் வின்ஸ்லோ, 1862-இல் தமிழ்–ஆங்கில அகராதி வெளியிட்டவர். மகளுக்கும் தாயின் பெயரே, குழம்பிவிடாதீர்கள். அந்த மகள் சென்னையில் மிஷனரியாக இருந்த ஜான் வெல்ஷ் டல்லஸை மணந்தார். அவர்களுடைய பேரன்கள்தான் 1950-களில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸும் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-வின் இயக்குநராக இருந்த ஆலன் டல்லஸும்.

அடுத்து அந்த மூன்று சகோதரிகளின் வழியைத் தேடப்போகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.