ஃப்ளாக் கோப்பில் பிட்ரேட் குறைவாகக் காட்டினால் தரமும் குறைவா?

கேள்வி:
என்னிடம் இருந்த இரண்டு சிடிக்களை ஒரே மென்பொருளில், ஒரே செட்டிங்கில் ஃப்ளாக்காக (ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் கோப்பு வகை) மாற்றினேன். தனிப் புல்லாங்குழல் ஆல்பம் 480 கேபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் பிட் என்ற அளவு, அதுதான் பிட்ரேட்) காட்டுகிறது, ராக் ஆல்பம் 1020ஐத் தாண்டுகிறது. எம்பி3யில் 128க்கும் 320க்கும் உள்ள வித்தியாசம் எனக்குக் காதில் தெரியும், அதனால்தான் இந்த 480ஐப் பார்த்ததும் பயமாக இருக்கிறது. கம்ப்ரஷன் லெவல் (எவ்வளவு சுருக்க வேண்டும் என்ற செட்டிங்) 8 வைத்தது தப்பா? 0 வைத்து மறுபடி எடுக்கட்டுமா?

பதில் 1:
வேண்டாம், எதுவும் போகவில்லை. எம்பி3யில் பிட்ரேட்டை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குள் அடங்கும்படி ஒலியை வெட்டுகிறோம். ஃப்ளாக்கில் வெட்டே கிடையாது, சுருக்கிய பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் அந்த எண். சிடியில் 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்), இரண்டு சேனல். பெருக்கினால் 1411 கேபிபிஎஸ். முந்தைய மாதிரிகளை வைத்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஃப்ளாக் கணிக்கிறது, கணிப்பு எவ்வளவு பிசகியது என்பதை மட்டும் எழுதி வைக்கிறது. புல்லாங்குழலின் நீண்ட சுரத்தை எளிதாகக் கணித்துவிடலாம். டிரம்ஸும் டிஸ்டார்ஷன் கிட்டாரும் சேர்ந்து இரைவதை அப்படிக் கணிக்க முடியாது, அதனால் அங்கே பிட் கூடுகிறது, அவ்வளவுதான். லெவல் 8 என்றால் கணினி கொஞ்சம் அதிகம் மெனக்கெட்டு இன்னும் சிறிய கோப்பைத் தரும். சந்தேகம் இருந்தால் ஒரே பாட்டை லெவல் 0, லெவல் 8 இரண்டிலும் எடுத்து, இரண்டையும் வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு) ஆக்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் இதைத் திருப்பியும் பார்க்க வேண்டும்: எண் பெரிதாக இருப்பதாலேயே நல்ல கோப்பு என்றும் நம்பிவிடாதீர்கள். 128 எம்பி3யை யாராவது ஃப்ளாக்காக மாற்றி வைத்திருந்தாலும் 700, 800 என்று காட்டலாம். அதை ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) திறந்தால் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல் காலியாக இருக்கும். பழைய ஒலிப்பதிவுகளில் இயல்பாகவே மேல்பகுதி மங்கியிருக்கும், அதைப் போலி என்று நினைத்துவிட வேண்டாம். நீங்களே சிடியிலிருந்து எடுத்தவற்றுக்கு இந்தக் கவலையே இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. லெவல் 0, 8 இரண்டையும் வேவ் ஆக்கிப் பார்த்தேன், ஒரு பிட்கூட மாறவில்லை, நிம்மதி. இன்னொன்று: என் புளூடூத் ஹெட்போனில் எல்டேக் (புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை) இருக்கிறது, அது 990 கேபிபிஎஸ் வரை போகும் என்கிறார்கள். அப்படியானால் 480 கோப்பு அதற்குள் இழப்பில்லாமல் போய்விடும்தானே?

பதில் 1:
போகாது. பலரும் இங்கேதான் குழம்புகிறோம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன் முதலில் ஃப்ளாக்கை முழுதாக விரிக்கிறது, அதாவது மறுபடி 1411. அதன் பிறகு எல்டேக் தன் வழியில் இழப்போடு சுருக்கி அனுப்புகிறது, மூலக்கோப்பு 480ஆ 1020ஆ என்பது அதற்குத் தெரியவே தெரியாது. 990இல் கேட்க நன்றாகவே இருக்கும், சிக்னல் பலவீனமானால் 660, 330 என்று இறங்கும். இந்த இழப்பு வேண்டாமென்றால் அந்த ஆல்பத்தை மட்டும் வயர் ஹெட்போனில் கேளுங்கள்.