மட்டக்குதிரைக்கு முட்டியில் காயம், மஞ்சளாக வழிகிறது, என்ன செய்வது?

கொடைக்கானல் பக்கத்து மலைக்கிராமமான வெள்ளகவிக்குப் பொதி ஏற்றிப் போகும் எங்கள் மட்டக்குதிரை இன்று காலை மழையில் பாறை வழுக்கி, முன்னங்கால் இரண்டும் மடங்கி விழுந்துவிட்டது. மெதுவாக வட்டக்கானல் வரை கூட்டி வந்துவிட்டோம். வலது முட்டியில் ஒரு ரூபாய் அளவுக்குத்தான் காயம், ரத்தம் நின்றுவிட்டது, ஆனால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி பிசுபிசுப்பாக, லேசான மஞ்சளில் ஏதோ வழிகிறது. காலை ஊன்றித்தான் நடக்கிறது, புல்லும் தின்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினால் போதும் என்கிறார் மாமா. போதுமா?

ஏரிக்கரை குதிரைக்காரன்:
தம்பி, எதையும் வைத்து அடைக்காதே. அது மூட்டுக்குள் இருக்கிற நீர். என் குதிரைக்கும் இப்படித்தான் ஆனது, நன்றாக நடக்கிறதே என்று நாலு நாள் விட்டுவிட்டேன். ஓட்டை மூடியதும் ஐந்தாம் நாள் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை, முட்டி தொட்டால் கொதித்தது. காப்பாற்ற முடியவில்லை. அது நின்ற இடத்தில் இன்னும் வேறு குதிரை கட்டவில்லை.

கால்நடை மருத்துவர்:
அண்ணன் சொல்வது சரி. ஓட்டை திறந்திருக்கும்வரை நீர் வெளியேறிவிடும், வலி பெரிதாகத் தெரியாது. மூடினால் சீழ் உள்ளேயே தேங்கி குருத்தெலும்பை அரித்துவிடும். முதல் 24 மணி நேரத்துக்குள் கழுவிவிட்டால் நல்ல வாய்ப்பு உண்டு. காயத்திலிருந்து தள்ளி, மூட்டுக்குள் ஊசி வைத்து சலைன் ஏற்றிப் பார்ப்போம். காயம் வழியாக வந்தால் மூட்டு திறந்திருக்கிறது. அப்புறம் மயக்கம் கொடுத்து, லிட்டர் கணக்கில் சலைன் விட்டு அலசி, செத்த சதையை வெட்டி எடுத்து, மூட்டுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் போட வேண்டும். டெட்டனஸ் ஊசி கட்டாயம், குதிரைக்கு அது சுலபமாக வரும். வலி ஊசி மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழையுங்கள், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பழனி ரோடு டிரைவர்:
வண்டியில் ஏற்றினால் முகம் பின்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். மலை இறங்கும்போதும் பிரேக் போடும்போதும் பாரம் பின்னங்காலுக்குப் போய்விடும், அடிபட்ட காலுக்கு வராது. முட்டிக்குப் பஞ்சு கனமாகச் சுற்றி, அது மடங்காதபடி பின்னால் ஒரு பலகை வைத்துக் கட்டுங்கள்.

கேட்டவர்:
டாக்டர் வந்து பார்த்துவிட்டார். சலைன் ஏற்றியதும் காயம் வழியாகவே கொட்டியது. டெட்டனஸ் ஊசி போட்டாயிற்று, வண்டியும் சொல்லியாயிற்று, ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். மாமாவும் கூட வருகிறார்.